வேலை முறையைத் திருத்தும் அரைநாட் கூட்டங்கள்
தாமிரபரணிப் பாசன விவசாயிகளுக்கு ஓர் யோசனை

விவசாயத்தில் அபிவிருத்தி என்று சொன்னவுடன் புது விதை, புது உரம், புது யந்திரம் ஆகிய இம்மூன்றுமே பெரும்பாலோர் நினைவுக்கு வருகின்றன. இவை யாவும் பணங்கொடுத்து வெளியிலிருந்து வாங்கவேண்டியவை. ஆனால் பணச்செலவு அதிகமின்றி வயலிலேயே செய்துகொள்ளக்கூடிய நாலாவது அபிவிருத்தி ஒன்று உண்டு. அது வேலை முறையின் அபிவிருத்தியாகும். நாற்றைப் பிடுங்குவதும், சுமப்பதும், நடுவதும், களையெடுப்பதும், நீர் பாய்ச்சுவதும் எந்த ஒழுங்கில் நடைபெறுகின்றன என்பதை நிதானமாக உட்கார்ந்து ஆராய்ந்த குடும்பங்கள் மிகச் சிலவே. தகப்பனார் செய்தபடி மகன் செய்கிறான். அண்டை வயலில் செய்தபடி இவ்வயலிலும் செய்யப்படுகிறது. பழக்கத்தில் பல நன்மைகள் உண்டென்பது மெய்யே. ஆயினும் எந்தப் பழக்கம் நன்மையால் நிலைத்தது, எது யாரும் கேள்வி கேளாமையால் நிலைத்தது என்பதைப் பிரித்தறிவது அவசியமாகும்.

“உழுகிறவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது” என்னும் பழமொழி யாவரும் அறிந்ததே. நெல்லின் கணக்கைப் பார்த்து மனமுடைவதற்காக அன்று, வேலையின் கணக்கைப் பார்த்து வீணைக் குறைப்பதற்காகவே இங்கு ஒரு வழி கூறப்படுகின்றது. ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொண்டு, அதைச் செய்கிறவர்களையே கூட்டி, அந்த வேலை நடக்கும் இடத்திலேயே அரைநாள் ஆராய்ந்து, கண்ட முடிவை அன்றே பரீட்சித்துப் பார்ப்பதுதான் அவ்வழி.

தாமிரபரணிப் பாசனமும் நாட்களின் நெருக்கடியும்

பாபநாசத்தில் மலையை விட்டு இறங்கும் தாமிரபரணி, புன்னைக்காயலுக்கு அருகே கடலிற் கலக்குமுன் 8 அணைக்கட்டுகளைத் தாண்டிச் செல்கிறது. அவற்றினின்று வடக்குக் கோடைமேலழகியான், தெற்குக் கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், கோடகன், பாளையங்கால்வாய், திருநெல்வேலிக் கால்வாய், மருதூர் மேலக்கால், கீழக்கால், ஸ்ரீவைகுண்டம் வடகால், தென்கால் என 11 கால்வாய்கள் பிரிகின்றன. இவற்றால் நேராகவும் குளங்கள் வழியாகவும் பாசனம் பெறும் நிலம் சுமார் 86,000 ஏக்கர். ஆற்றின் தலைமாட்டில் பாபநாசம் அணையும், பின்னர் 1958-ல் மணிமுத்தாறு அணையும், 1986-ல் சேர்வலாறு அணையும் கட்டி முடிக்கப்பட்டன.

இவ்வளவு ஏற்பாடுகள் இருந்தும் நாட்களின் நெருக்கடி நீங்கியபாடில்லை. கார்ப் பருவத்துக்கு அணை திறந்து நீர் வந்தவுடன் ஒரு கால்வாயின் கீழுள்ள எல்லா விவசாயிகளும் ஒரே வாரத்தில் உழவும் நடவும் செய்ய விரும்புகின்றனர். ஆள் போதாமையால் சிலருக்கு நடவு பிந்துகிறது. நாற்று முற்றிப்போகிறது. கார் பிந்தினால் பிசானமும் பிந்தும். பிசானம் பிந்தினால் கதிர் முற்றும் காலத்தில் மடையில் நீர் இருக்குமோ இராதோ என்னும் கவலை பிறக்கும். கடைமடை விவசாயிக்கு இக்கவலை இரட்டிப்பாகும். ஆகையால் ஒரு வயலின் நடவில் ஒரு நாள் மிச்சமாகுமானால், அந்த லாபம் அந்த வயலோடு நில்லாமல் கால்வாயின் கடைசிவரை செல்லும் என்பதை மிராசுதார்கள் உணரவேண்டும்.

இம்முறை பிறந்த விதம்

வேலை செய்பவர்களைக்கொண்டே வேலை முறையைத் திருத்தும் வழக்கம் தொழிற்சாலைகளில் வேரூன்றியது. இரண்டாம் உலக யுத்த காலத்தில், 1940-ல் அமெரிக்க ஐக்கிய நாடுகளில், தொழிற்சாலைகளுக்குள்ளேயே பயிற்சியளிக்கும் திட்டமொன்று ஏற்படுத்தப்பட்டது. பழகிய ஆட்கள் யுத்தத்துக்குப் போய்விட, பழகாத ஆட்களைக்கொண்டு அதிக உற்பத்தி செய்யவேண்டிய நிர்ப்பந்தம் அக்காலத்தில் இருந்தது. அத்திட்டத்தின் வகுப்பு ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு 2 மணியாக 5 கூட்டங்களில், மொத்தம் 10 மணி நேரத்தில் முடிந்துவிடும். 1945-க்குள் 16,000-க்கு மேற்பட்ட தொழிற்சாலைகள் அதனைக் கைக்கொண்டன.

வேலை முறையைப்பற்றிய வகுப்பில் கற்பிக்கப்பட்டது மிக எளிய விஷயமே. ஒரு வேலையை அதன் சிறு சிறு செய்கைகளாகப் பிரித்து எழுதவேண்டும். ஒவ்வொரு செய்கையைக் குறித்தும், இது ஏன் அவசியம், எதற்காகச் செய்யப்படுகிறது, எங்கே செய்வது நலம், எப்போது செய்வது நலம், யார் செய்வது நலம், எப்படிச் செய்வது நலம் என ஆறு கேள்விகள் கேட்கவேண்டும். கிடைக்கும் விடைகளை வைத்து, வேண்டாததை விலக்குதல், இரண்டை ஒன்றாகச் சேர்த்தல், முன்பின்னாக மாற்றி வைத்தல், எளிதாக்குதல் என்னும் நான்கு வழிகளில் வேலையைத் திருத்தவேண்டும்.

யுத்தத்துக்குப்பின் இப்பயிற்சி ஜப்பானுக்குச் சென்றது. அங்கே அது “கைஸன்”, அதாவது நல்ல மாறுதல், என்னும் பெயருடைய பெரிய வழக்கத்தின் வளர்ச்சிக்குத் துணைசெய்தது. சில நாட்களே நடக்கும் கூட்டத்தில் ஒரு சிறு குழுவினர் ஒரே குறையை எடுத்துக்கொண்டு அங்கேயே தீர்ப்பது அதன் கிளைகளில் ஒன்று. இந்தியாவில் 1980-ல் பாரத மிகுமின் நிறுவனத்தில் தொழிலாளரின் தரவட்டக் குழுக்கள் தொடங்கப்பட்டன. சென்னையை அடுத்த பாடியிலுள்ள சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு, இவ்வகை முறைகளைக் கைக்கொண்டு 1998-ல் ஜப்பானியரின் டெமிங் பரிசைப் பெற்றது. அந்நிறுவனம் சேர்ந்த டி.வி.எஸ். குழுமத்தை நிறுவிய டி.வி. சுந்தரம் அய்யங்கார், திருநெல்வேலிச் சீமையிலுள்ள திருக்குறுங்குடியைச் சேர்ந்தவர் என்பது இவ்வட்டாரத்தார் அறிந்து மகிழத்தக்கது.

வயலுக்கு வந்த கூட்டம்

தொழிற்சாலைக்கு ஏற்ற முறை வயலுக்கு ஏற்குமா என்று சிலர் ஐயுறலாம். இந்தோனேசியா தேசம் இதற்கு விடையளித்துள்ளது. அந்நாட்டு நெல்வயல்களைப் புகையான் பூச்சி பெரிதும் பாழாக்கியது. மருந்து தெளிக்கத் தெளிக்கப் புகையான் குறையாமல் பெருகியது. ஏனெனில் அம்மருந்துகள் புகையானைத் தின்னும் சிலந்திகளையும் நாவாய்ப்பூச்சிகளையும் முதலில் கொன்றன. 1986-ல் அந்நாட்டு அரசாங்கம் நெல்லுக்கு உபயோகித்த 57 பூச்சிமருந்துகளைத் தடுத்தது. மருந்தைத் தடுத்தால் மட்டும் போதாதென்று கண்டு, 1989 முதல் உழவர் வயல்வெளிப் பள்ளிகள் அங்குத் தொடங்கப்பட்டன.

அப்பள்ளியில் உபந்நியாசம் இல்லை. வாரத்துக்கு ஒரு காலைப்பொழுது சுமார் 25 விவசாயிகள் வயலில் கூடுவர், ஐந்து ஐந்து பேராகப் பிரிந்து வயலில் இறங்குவர், தூர்களை எண்ணுவர், தீமைசெய்யும் பூச்சி எத்தனை, நன்மைசெய்யும் பூச்சி எத்தனை என்று கணக்கெடுப்பர், கண்டதைப் பெரிய காகிதத்தில் சித்திரமாக வரைவர், அதன்பின் மருந்து வேண்டுமா வேண்டாமா என்று தாங்களே தீர்மானிப்பர். தூருக்கு ஒரு புகையான் இருந்தால் மருந்து தெளிக்கலாம்; ஆனால் குத்துக்கு ஒரு சிலந்தி இருக்குமாயின் தூருக்கு இரண்டு புகையான் வரை பொறுக்கலாம் என்பது நம் நாட்டில் வழங்கும் கணக்கு. இக்கணக்கைக் காகிதத்தில் படித்தவன் மறந்துவிடலாம். தன் கையால் எண்ணிப் பார்த்தவன் மறப்பதில்லை. இந்தியாவிலும் 1990-களிலிருந்து இவ்வகைப் பள்ளிகள் பருவந்தோறும் நடத்தப்பட்டு வந்திருக்கின்றன. தமிழ்நாட்டில் இவற்றைப் பண்ணைப்பள்ளி என்றும் வழங்குவர்.

இவ்வாற்றுப் படுகையில் கண்ட பலன்

வெளிநாட்டு உதாரணத்தோடு நிற்கவேண்டிய அவசியமில்லை. மடகாஸ்கர் தீவில் 1983-ல் ஹென்றி டி லௌலானி என்னும் பாதிரியார் கண்ட நெல் சாகுபடி முறையைத் தமிழ்நாட்டு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் 2003-04-ல் காவிரி, தாமிரபரணி ஆகிய இரு படுகைகளிலும் விவசாயிகளின் சொந்த வயல்களிலேயே பரீட்சித்தனர். 14 நாள் வயதுள்ள இளநாற்றை, குத்துக்கு ஒன்றாக, சதுரமாகக் கயிறு பிடித்தோ கோடு கிழித்தோ நடுதல். வயலில் நீரைத் தேக்காமல் மெல்லிய வெடிப்புக் காணும்போது மறுபடி பாய்ச்சுதல். உருளைக் களைக்கருவியை வரிசைக்கிடையே குறுக்கும் நெடுக்குமாக ஓட்டுதல் ஆகியவையே அதன் அங்கங்கள். பிற்காலத்தில் இது திருந்திய நெல் சாகுபடி என்று பெயர் பெற்றது.

தாமிரபரணிப் படுகையில் ஹெக்டேருக்குச் சராசரியாகப் பழைய முறையில் 5,657 கிலோவும், புதிய முறையில் 7,227 கிலோவும் மகசூல் கிடைத்தது. ஏக்கர் கணக்கில் இது சுமார் 635 கிலோ அதிகமாகும். விதைச் செலவோ ஏக்கருக்கு 2 முதல் 3 கிலோ. நாற்றங்கால் ஒரு சென்ட் போதும். வேலையாள் தேவையும் மொத்தத்தில் சுமார் 8 சதவீதம் குறைந்தது.

ஒற்றை நாற்று நடவு தமிழ்நாட்டுக்கு முற்றும் புதிதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சென்னை மாகாண விவசாய இலாகா அதனைப் பிரசாரம் செய்தது. நன்மை தெரிந்தும் அவ்வழக்கம் ஏன் எங்கும் நிலைக்கவில்லை? இன்றுங்கூட ஒரு பருவம் செய்தவர்களிற் பலர் மறு பருவம் பழையபடி திரும்புவது ஏன்? விதையிலும் மண்ணிலும் இதற்கு விடை இல்லை. நடவு வேலையின் ஒழுங்கில்தான் விடை இருக்கின்றது. இளநாற்றைப் பழைய கைப்பழக்கத்தோடு பிடுங்கினால் வேர் அறுகிறது. வெயிலில் முடியாகக் கட்டிவைத்தால் வாடுகிறது. கோடு கிழிப்பவர் பிந்தினால் நடுபவர் காத்திருக்கிறார். சமமாகப் பரம்படிக்காத வயலில் பள்ளத்து நாற்று மூழ்கிப்போகிறது. இவை நடுகிற கைகளுக்குத் தெரியும். வரப்பில் நிற்பவர்க்குத் தெரிவதில்லை. ஆகவே அந்தக் கைகளின் அபிப்பிராயத்தைக் கேளாமல் முறையை மட்டும் மாற்றுவது பயன்படாது.

கூட்டம் நடத்தும் விதம்

நடவு வேலையையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். முதலாவதாக, நோக்கம் ஒன்றாக இருக்கவேண்டும். “சாகுபடியை அபிவிருத்தி செய்வது எப்படி?” என்பது அரைநாளில் தீரும் கேள்வியன்று. “நாற்றுப் பிடுங்கிய அரைமணி நேரத்துக்குள் அது வயலில் ஊன்றப்பட வேண்டும்; அதற்கு என்ன செய்யலாம்?” என்பது தீரக்கூடிய கேள்வி.

இரண்டாவதாக, ஆட்கள் 8 முதல் 12 பேருக்கு மேற்படலாகாது. நடவுக் குழுவின் தலைவியும் நடுகிற பெண்கள் மூன்று நான்கு பேரும், நாற்றுப் பிடுங்குபவர், பரம்படிப்பவர், நீர் பாய்ச்சுபவர், நிலச் சொந்தக்காரர், அண்டை வயல்காரர் ஒருவர் ஆகியோர் இருந்தால் போதும். உதவி வேளாண்மை அலுவலர் வந்திருப்பின் நலம், ஆனால் அவர் கடைசியில் பேசவேண்டும், மிராசுதாரும் அப்படியே. பெரியவர் முதலில் தம் அபிப்பிராயத்தைக் கூறிவிட்டால் மற்றவர்கள் அதற்குத் தலையாட்டிவிட்டுப் போய்விடுவர்.

மூன்றாவதாக, கூட்டம் நாற்றங்காலிலும் வயலிலும் நடைபெறவேண்டும். வீட்டுத் திண்ணையில் நடத்தினால் வழக்கமாகச் செய்ய வேண்டியது எது என்பதே பேசப்படும். உண்மையில் நடப்பது எது என்பது வயலில்தான் காணக்கிடைக்கும். முதல் ஒரு மணி நேரம் யாதொன்றும் பேசாமல், ஒருவர் வேலை செய்ய மற்றவர்கள் பார்த்துக் குறிக்கவேண்டும். நாற்று எடுக்க எவ்வளவு நேரம், சுமக்க எவ்வளவு, நட எவ்வளவு, காத்திருக்க எவ்வளவு என எழுதவேண்டும். எழுதத் தெரியாதவர்கள் வரப்பில் கல்லை வைத்து எண்ணலாம்.

நடையை எண்ணிப் பார்ப்பது மிகுந்த பயனளிக்கும். நாற்றங்கால் வயலுக்கு 150 கஜ தூரத்தில் இருப்பதாகவும், நாற்று கொண்டுவருபவர் ஒரு நாளைக்கு 30 முறை சென்று மீள்வதாகவும் கொள்வோம். அவர் நடந்த தூரம் 9,000 கஜம், அதாவது 5 மைலுக்கு மேல் ஆகிறது. அதில் பாதி தூரம் சேற்று வரப்பில் சுமையோடு நடந்ததாகும். ஏக்கருக்கு ஒரு சென்ட் நாற்றங்காலே போதுமாயின், அதைத் தொலைவில் ஒரே இடத்தில் போடாமல், நடவு வயலின் மூலையிலேயே பாய் நாற்றங்காலாகப் போடலாம் அன்றோ? இவ்வாறு எங்கே, எப்போது, யார் என்னும் கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்கவே, கோடு கிழிக்கும் வேலையை முதல்நாள் மாலையே முடித்தல், நாற்றை முடியாகக் கட்டாமல் மண்ணோடு தட்டில் எடுத்துவருதல் போன்ற யோசனைகள் அவ்விடத்தாரிடமிருந்தே வரும்.

நான்காவதாக, வந்த யோசனைகளுள் இரண்டை மட்டும் தெரிந்தெடுத்து அன்றே 5 சென்ட் அளவில் பரீட்சிக்கவேண்டும். பக்கத்தில் 5 சென்ட் பழைய முறையில் இருக்கட்டும். நேரத்தை இரண்டிலும் எழுதவேண்டும். பலன் இல்லையெனில் அதையும் எழுதி வைத்து, யோசனை சொன்னவரைக் குறை கூறாமல் விட்டுவிடவேண்டும். ஐந்தாவதாக, முடிவை ஒரு காகிதத்தில் நாலு வரியில் எழுதி, யார் எதை எந்நாளுக்குள் செய்வது என்று குறித்து, பத்தாம் நாள் மறுபடி அரைமணி நேரம் கூடிப் பார்க்கவேண்டும். இந்தப் பத்தாம் நாள் கூட்டம் இல்லையேல் முன்னதும் வீணே.

கூலியைப்பற்றிய கேள்வி

இங்கு மறைக்காமற் சொல்லவேண்டிய விஷயம் ஒன்றுண்டு. வேலை நேரம் குறைந்தால் யாருடைய கூலி குறையும்? நடுகிற பெண்ணின் மனத்தில் முதலில் எழும் கேள்வி இதுவே. அவள் அதை வாய்விட்டுக் கேளாமலிருக்கலாம். ஆனால் அதற்கு விடை கிடைக்கும்வரை உண்மையான யோசனை எதையும் சொல்லமாட்டாள். திருந்திய சாகுபடியில் கைக்களை குறைந்து கருவிக்களை கூடுவதால், பெண்களின் வேலைநாள் குறைந்து ஆண்களின் வேலைநாள் கூடுவது அனுபவத்தில் கண்டதே. கோனோ களைக்கருவியின் எடையும் பெண்களுக்குத் தடையாகிறது.

ஆகவே கூட்டம் தொடங்குமுன்பே மிராசுதார் வெளிப்படையாக வாக்களிக்கவேண்டியவை மூன்று. அரைநாட் கூட்டத்துக்கும் முழுக்கூலி உண்டு என்பது ஒன்று. இக்கூட்டத்தில் கண்ட முறையால் இப்பருவத்தில் எவரும் வேலையிலிருந்து விலக்கப்படார் என்பது இரண்டு. மிச்சமாகும் செலவில் ஒரு பங்கு கூலி உயர்வாகவோ, குத்தகை நடவுக்கு அதிக விகிதமாகவோ கொடுக்கப்படும் என்பது மூன்று. அன்றியும், எடை குறைந்த களைக்கருவிகளை வாங்கிப் பெண்களுக்கும் ஓட்டப் பழக்கினால் அவ்வேலை அவர்களுக்கும் கிடைக்கும். வாக்களிக்க மனமில்லாதவர் கூட்டம் நடத்தாமலிருப்பதே மேல். ஒருமுறை நம்பிக்கை கெட்டால் பின் பத்து வருஷத்துக்கு அந்த ஊரில் எந்த யோசனையும் முளைக்காது.

கிராம அலுவலர்கள் கவனத்துக்கு

வயலுக்குச் சொன்னது கால்வாய்க்கும் பொருந்தும். 2000-ம் வருஷத்துச் சட்டத்தின்படி தமிழ்நாட்டில் நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் ஏற்படுத்தப்பட்டன. குடிமராமத்து வேலையும் 2017-ல் மறுபடி தொடங்கப்பட்டது. கிளைக்கால்களைத் தூர்வாருவதும் அமலைச்செடி அகற்றுவதும் நீர் திறக்குமுன் நடக்கவேண்டியவை. பல இடங்களில் அவை நீர் வந்தபின் நினைவுக்கு வருகின்றன. ஊராட்சித் தலைவரும், கிராம நிர்வாக அலுவலரும், சங்கத்தாரும், மடை பார்ப்பவர்களும் பருவத்துக்கு ஒரு மாதம் முன்பு ஒரு காலைப்பொழுது தலைமடையிலிருந்து கடைமடைவரை நடந்து செல்வார்களாயின், நீர் எங்கே தடைபடுகிறது, எந்த மடையில் கதவு இல்லை என்பதை நேரிற் காண்பர். கடைமடைக்காரர் ஒருவரையேனும் அந்நடையிற் சேர்த்துக்கொள்ளவேண்டும். ஏனெனில் கால்வாயின் குறை முதலில் தெரிவது கடைமடையில்தான். கண்ட குறைகளுள் ஊரார் தாங்களே தீர்க்கக்கூடியவை இவை, நீர்வளத் துறையாருக்கு எழுதவேண்டியவை இவை என்று அன்றே பிரித்துவிட்டால், பாதி வேலை முடிந்ததாகும்.

கூட்டத்தால் ஆகாதவை

இம்முறை எல்லாவற்றையும் தீர்க்குமென்று எண்ணலாகாது. அணையில் நீர் இல்லாத வருஷத்தில் எத்தனை கூட்டம் போட்டாலும் நீர் வாராது. நெல்விலையும் உரவிலையும் வரப்பில் தீர்மானமாகிறவை அல்ல. எந்த விதை எந்த மண்ணுக்கு ஏற்றது என்பதற்கு அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தாரின் ஆராய்ச்சியே வழிகாட்டி. 1986-ல் அங்கிருந்து வெளியான அ.சு.டி. 16 ரகம் அவ்வாராய்ச்சியின் பலனே. விதையை ஆராய்ச்சி தரும். அதை ஊன்றுகிற முறையை ஊன்றுகிறவர்களே திருத்தவேண்டும்.

ஒரே சமயத்தில் பல வேலைகளைத் திருத்த முயல்வதும் தவறு. காருக்கு நடவு, பிசானத்துக்குக் களை, அடுத்த வருஷம் நீர்ப்பாய்ச்சல் என்று ஒவ்வொன்றாக எடுத்துச் செல்வது உத்தமம். மூன்று பருவங்களில் மூன்று காகிதங்கள் சேரும். அக்காகிதங்களை வீட்டில் பத்திரப்படுத்தினால், பிள்ளைகள் நிலத்தை ஏற்கும்போது பட்டாவோடு அதுவும் கைமாறும் சொத்தாகும்.

வரும் பருவத்துக்கு நாற்றுப் பாவும் முன்பே, ஒவ்வொரு மடையிலும் ஒரு விவசாயியாவது ஒரு வேலையைத் தெரிந்தெடுத்து ஓர் அரைநாளை இதற்கு ஒதுக்குவாராக. கேள்வியைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு, வேலையாட்களை அழைத்து, கூலியைப்பற்றிய வாக்கை முதலில் கூறி, பின் அவர்கள் சொல்வதைக் கேட்பாராக. உபயோகமான வேளாண்மைக் குறிப்புகளுக்கும் கருவிகளுக்கும் அந்தந்த வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தை அணுகலாம்.